ஓவர்ஃப்ளை என்ற சொல்லும் ருக்குமணியம்மாள் தோட்டத்துக் கோழிகளும்

மடுவினில் அழைத்த மதகரி குரல்கேட்டு
நெடுவிசும் பிழிந்து நீர்க்கரை சேர்ந்தோன்
அடியிணை தொழுதேன், அடியனேன் உரையை
வடுவிலா துரைக்க வரமருள் வானே.

ஆவணி மாதத்துத் திருவோண நன்னாளாகிய இன்று, காலைப் பூசையும் பாசுரப் பாராயணமும் முடித்து இக்குறிப்பை எழுத அமர்ந்தேன். மேலுள்ள நான்கு வரிகளும் அடியேன் கட்டியவை. யாப்பில் பிழை காண்போர் பொறுத்தருள வேண்டும். தொழிலில் செய்த பிழை ஒன்றைச் சொல்லவே எழுதுகிறேன். அதை மட்டும் எவரும் பொறுக்க வேண்டியதில்லை. ட்ரோன் அளவைத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் அதைத் தெரிந்துகொண்டு, மறுபடி செய்யாதிருந்தால் போதும்.

1. சொல்லை முதலில் கேட்ட நாள்

அரசு நில அளவைப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். சங்கிலியில் தொடங்கி, தியோடலைட்டைக் கடந்து, டோட்டல் ஸ்டேஷனில் ஓய்வு பெற்றேன். ஓய்வுக்குப் பின் ஆர்.எஸ்.புரத்தில் உள்ள ஒரு ட்ரோன் அளவை நிறுவனத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்தேன். ஊராரிடம் பேசுவது, அனுமதிக் கடிதங்கள் எழுதுவது, அறிவிப்பு ஒட்டுவது, பழைய புலப்படத்தோடு புதிய படத்தை ஒப்பிடுவது ஆகியவை என் பொறுப்பு. பறக்கவிடுவது ஜெனிட்டாவின் பொறுப்பு. ஜெனிட்டா நகரத்துப் பங்கு ஒன்றைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண். உரிமம் பெற்ற பைலட். ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி முடிவதற்குள் நிறுவனத்தின் எம்.டி. போன் செய்தால்கூட எடுக்க மாட்டாள். அந்த ஒன்றினாலேயே எனக்கு அவள்மேல் மதிப்பு உண்டானது.

முதல் நாள் அவள் கணினியில் ஒரு பறப்புத் திட்டத்தை விரித்துக் காட்டினாள். பச்சை நிறத்தில் ஒரு பகுதி, சிவப்பில் ஒன்று, இரண்டுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை.

"பச்சை நம்ம சர்வே ஏரியா சார். சிவப்புல பறக்கவே கூடாது. சாம்பல் ஓவர்ஃப்ளை."

"ஓவர்ஃப்ளை என்றால்?"

"அங்க நமக்கு வேலை எதுவும் இல்ல. கேமரா ஆன் ஆகாது. பச்சைக்குப் போறதுக்கு மேலால போறோம், அவ்வளவுதான்."

அந்த விளக்கம் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. சங்கிலி பிடித்த காலத்தில் எங்களுக்கு இப்படி ஒரு சொல் தேவைப்படவில்லை. ஒரு வயலை அளக்க வேண்டுமானால் அதற்கு முன்னுள்ள நான்கு வயல்களை மிதித்துத்தான் போக வேண்டும். ஒவ்வொரு வரப்பிலும் ஒருவர் நின்று, "ஏனுங்க, எங்க போறீங்க?" என்று கேட்பார். அவருக்குப் பதில் சொல்லாமல் அடுத்த வரப்பில் கால் வைக்க முடியாது. வேலை இல்லாத இடம் என்று ஒன்று இருக்கலாம். பதில் சொல்ல வேண்டாத இடம் என்று ஒன்று இருந்ததில்லை.

சொற்களைப் பின்தொடர்ந்து போவது என் பழக்கம். பாசுரம் படிப்பவனுக்கு அது தவிர்க்க முடியாதது. இந்தச் சொல்லையும் பின்தொடர்ந்தேன். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் பணியாற்றிய நண்பர் ஒருவர், தம் நிலையத்தில் இறங்காமல் மேலே கடந்து போகும் விமானங்களுக்கெல்லாம் அதே பெயர்தான் என்றார். "அவங்களுக்கு நம்மகிட்ட எறங்கற வேலை கெடையாதுங்க. ஆனா எங்க எல்லையைத் தாண்டற வரைக்கும் பேசிட்டேதான் இருப்போம்," என்று சொன்னார். எங்கள் அலுவலகத்திலோ அது வேறு விதமாகப் பழகிவிட்டது. கவனிக்காமல் விட்டதற்கெல்லாம் அதே சொல். "எம்.டி. என் லீவ் லெட்டரை ஓவர்ஃப்ளை பண்ணிட்டார் சார்," என்பாள் ஜெனிட்டா.

அறிவிப்பில் எழுதத் தமிழ்ச் சொல் தேடி, 'மேலாகப் பறந்து கடத்தல்' என்று ஒருமுறை எழுதினேன். ஜெனிட்டா படித்துவிட்டு, "கடத்தல்னு போட்டா ட்ரோனுக்கு முன்னாடி போலீஸ் வந்துரும் சார்," என்றாள். அடித்துவிட்டேன். அடித்ததோடு அந்த வரியையே நீக்கிவிட்டேன். வேலை இல்லாத இடத்தாருக்கு அறிவிப்பு எதற்கு என்று நானும் நினைத்தேன்.

2. வாய்க்கால் வேலை

சூலூருக்குக் கிழக்கே ஒரு கிராமம். இரண்டு குளங்களை இணைக்கும் பழைய வாய்க்கால் தூர்ந்து போயிருந்தது. ஊர் விவசாயிகள் ஒரு சங்கம் அமைத்து, தூர் வாருவதற்கு முன் மட்டம் எடுத்துத் தரும்படி எங்களிடம் கேட்டார்கள். சங்கத் தலைவர் சென்னியப்பன். வெள்ளை வேட்டி, முழங்கை வரை மடித்த சட்டை, இரண்டு கைப்பேசி.

"அய்யா, ஐப்பசி மழைக்கு முன்னால தண்ணி போற தடம் தெரியோணுங்க. வெள்ளிக்கெழமை முடிச்சுக் குடுத்துப்போடுங்க. திங்கக்கெழமை பொக்லைன் வருது. அதுக்கே மூணு மாசம் காத்திருந்தமுங்க."

வாய்க்காலின் மேற்குப் பக்கம், விமானப்படைத் தளத்தைச் சுற்றியுள்ள சிவப்பு வட்டத்தை ஒட்டி வந்தது. அந்தப் பக்கமிருந்து எதையும் ஏற்ற இயலாது. கிழக்கே, தென்னையும் மின்கம்பியும் இல்லாத வெட்டவெளி ஒன்றே ஒன்றுதான்: மாரியம்மன் கோயில் மைதானம். அங்கிருந்து வாய்க்காலுக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். நடுவே பதினொரு தோட்டங்கள். அவை சாம்பல்.

நாங்கள் கொண்டு போனது நான்கு விசிறி சுழலும் சிறு ட்ரோன் அல்ல. நீண்ட வாய்க்காலுக்கு அதன் பேட்டரி போதாது. இரண்டு பக்கமும் இறக்கை விரித்த, கையால் வீசி ஏற்றும் விமான வகை. அது நேராக மேலே எழும்பாது. குறைந்த உயரத்தில் ஓரிடத்திற்குப் போய், அங்கே வட்டமிட்டு வட்டமிட்டு உயரம் பிடித்து, அதன் பிறகே அளவைக் கோட்டுக்குள் நுழையும். அந்த வட்டம் எங்கே என்பதைத் திட்டத்தில் நாம்தான் குறிக்க வேண்டும்.

ஞாயிறு மாலை அலுவலகத்தில் அமர்ந்து குறித்தோம். ஜெனிட்டா கேட்டாள்.

"வட்டம் எங்க வைக்கலாம் சார்? மைதானத்துக்கு மேல வெச்சா கோயில் கோபுரம் பக்கத்துல வருது."

நான் படத்தைப் பார்த்தேன். சாம்பல் பட்டையின் நடுவே, முருங்கை மரங்களுக்கிடையில் ஒரு தகரக் கூரை தெரிந்தது. மோட்டார் அறை என்று எடுத்துக்கொண்டேன். "இங்கே வை அம்மா. இங்கே நமக்கு யாரும் இல்லை," என்று விரலால் தொட்டுக் காட்டினேன்.

அப்படியே வைத்தாள்.

3. திங்கட்கிழமை காலை

பச்சைப் பகுதியில் நிலம் உள்ள முப்பது பேருக்கும் அறிவிப்புக் கொடுத்திருந்தேன். ஊரின் வாட்ஸ்அப் குழுவிலும் போடச் செய்திருந்தேன். காலை எட்டு மணிக்கு ஜெனிட்டா சிலுவைக் குறி போட்டு விமானத்தை வீசினாள். நான் மனத்துக்குள் திருநாமம் சொன்னேன். விமானம் சாம்பல் பட்டைக்குப் போய், அழகாக ஐந்து சுற்றுச் சுற்றி மேலேறியது. பறவை போலவே இருக்கிறது என்று மகிழ்ந்தேன். கும்பாபிஷேகங்களில் கலசத்துக்கு மேல் கருடன் வட்டமிடும்போது கூட்டமே கைகூப்பும் காட்சி நினைவுக்கு வந்தது. அதை ஜெனிட்டாவிடம் சொன்னேன்.

"உங்க கருடனுக்கு பேட்டரி தீராது சார். எனக்கு நாப்பது நிமிஷம்தான். பேசாம இருங்க," என்றாள்.

முதல் பறப்பு முடிந்து விமானம் தரையிறங்கியது. பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தபோது மைதானத்துக்குள் ஒரு மொபெட் வந்தது. நாற்பத்தைந்து வயதுள்ள பெண்மணி. காலில் செருப்பில்லை. சேலையிலும் கையிலும் இறகு ஒட்டியிருந்தது. வண்டியை நிறுத்தாமலே கேட்டார்.

"ஏனுங்க, இதுதான் சுத்துச்சா?"

"ஆமாம்மா. வாய்க்கால் அளக்கிறோம்."

"வாய்க்கா அங்க இருக்குது. என்ற தோட்டத்துக்கு மேல ஏனுங்க சுத்துச்சு?"

அவர்தான் ருக்குமணியம்மாள். சாம்பல் பட்டையில் இரண்டு ஏக்கர் தோட்டம். நான் மோட்டார் அறை என்று எடுத்துக்கொண்ட தகரக் கூரை அவருடைய கோழிப்பட்டி. அப்பன் வீட்டிலிருந்து கொண்டுவந்த மூன்று பெருவிடை நாட்டுக்கோழிகளிலிருந்து நான்கு ஆண்டுகளாகப் பெருக்கிய மந்தை. விமானம் வட்டமிட்டதும் வெளியே மேய்ந்தவை அத்தனையும் ஒரே மூச்சில் வலைப்பட்டிக்குள் ஓடி, ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி விழுந்திருக்கின்றன. அடியில் அகப்பட்டவை மூச்சு முட்டிச் செத்துவிட்டன. பதினேழு. எல்லாமே முட்டைக்கு வரவிருந்த விடைக்கோழிகள். அவ்வாண்டு அவர் மந்தையில் புதிதாகச் சேர்ந்தவை மொத்தமும் அவைதாம்.

நான் வாய் திறப்பதற்குள் அங்கே நின்றிருந்த சென்னியப்பன் முந்திக்கொண்டார்.

"ருக்கு, ஊர்க் காரியம் நடக்குது. கோழிக்காக வாய்க்கா நிக்கோணுமா? என்ன நஷ்டமோ சங்கத்துல பேசிக்கலாம், போ அம்மணி."

"நஷ்டம் பேச வரலீங்க மாமா. செத்தது செத்துப்போச்சு. ஒம்பது கோழி அடையில உக்காந்திருக்குது. முட்டை பொரிய இன்னும் அஞ்சு நாளு. இன்னொருக்கா இப்படிச் சுத்துனா அதுங்களும் எந்திரிச்சு ஓடிரும். முட்டை ஆறிப்போச்சுன்னா அப்பறம் என்ற பட்டியில ஒண்ணுமே இல்லீங்க. நாளைக்கும் சுத்துமா, சுத்தாதா? அதை மட்டும் சொல்லுங்கோ."

ஜெனிட்டா கையிலிருந்த பேட்டரியைத் தரையில் வைத்துவிட்டாள்.

4. எம்.டி.யின் யோசனை

கோயில் மரத்தடிக்கு ஒதுங்கி எம்.டி.க்குப் போன் செய்தேன். நல்ல பிள்ளை. என் மகன் வயது. பதறாமல் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அது ஓவர்ஃப்ளை ஏரியா தானுங்கய்யா? பர்மிஷன் நம்ம கையில இருக்குது. உயரமும் லிமிட்டுக்குள்ளதான். சட்டப்படி நம்ம மேல ஒண்ணுமில்லீங்க. காத்து தள்ளிருச்சுன்னு சொல்லிப்போடுங்க. நாளைக்கு உங்க பேச்சுத் தெறமையில முடிச்சுக் குடுங்கய்யா."

காற்று ஒன்றும் தள்ளவில்லை. அன்று இலை அசையாத காலை. வட்டம் நான் தொட்ட இடத்திலேயே விழுந்தது. ஒரு கணம் எனக்கும் ஆசை வந்தது, மறைப்பதற்கில்லை. முப்பத்து நான்கு ஆண்டு அரசுப் பணியில் ஒரு குற்றச்சாட்டுக் குறிப்பாணை வாங்காதவன் என்ற பெருமை எனக்கு உண்டு. எழுபதாவது வயதில் ஒரு கோழிப்பட்டிக்காக அதை இழப்பதா?

திரும்பி வந்தபோது ருக்குமணியம்மாள் வண்டியின் மேல் சாய்ந்து, கையில் ஒட்டியிருந்த இறகுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அந்த வட்டத்தை உங்கள் தோட்டத்துக்கு மேல் வைத்தவன் நான்தான். பைலட் பொண்ணு கேட்டாள். நான்தான் அங்கே யாரும் இல்லை என்று சொன்னேன்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"நான் இருக்கறனுங்களே," என்றார்.

அன்றைய பறப்பை நிறுத்தினேன். சென்னியப்பன் ஒரு கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டே மற்றொன்றால் என்னைச் சுட்டி, "வெள்ளிக்கெழமைங்க அய்யா, வெள்ளிக்கெழமை!" என்றார். நான்கு நாட்களில் வாய்க்கால் அளந்தாக வேண்டும். ஒன்பது அடைக்கோழிகளும் எழுந்திருக்கக் கூடாது.

5. பட்டியில் ஒரு பிற்பகல்

மதியம் அவர் தோட்டத்துக்கு நானும் ஜெனிட்டாவும் போனோம். செத்த கோழிகளை முருங்கையடியில் புதைத்திருந்தார். "விக்கலீங்களா அக்கா?" என்று ஜெனிட்டா மெதுவாகக் கேட்டாள். "மூச்சு முட்டிச் செத்ததை எப்படிக் கண்ணு அடுத்தவங்களுக்குத் தின்னக் குடுக்கறது?" என்றார். மோர் கொடுத்தார். அந்த நிலையிலும் மோர் கொடுத்தார் என்பதை எழுதாமல் விட எனக்கு மனமில்லை.

அடைக்கோழிகள் ஒன்பதும் தகரக் கூரையின் கீழ் மண்சட்டிகளில் அமர்ந்திருந்தன. மற்றவை வெளியே மேய்ந்தன. நான் கல்லின் மேல் அமர்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கொக்கு மேலே போயிற்று. எந்தக் கோழியும் கண்டுகொள்ளவில்லை. காக்கைகள் போயின. அவற்றையும் கண்டுகொள்ளவில்லை. தளத்திலிருந்து புறப்பட்ட விமானம் ஒன்று பேரொலியுடன் கடந்தது. எங்கள் காது அடைத்தது. கோழிகள் கிளறுவதை நிறுத்தவில்லை.

"இவ்வளவு சத்தத்துக்குப் பயப்படவில்லையே அம்மா?"

"அது நெதமும் போறதுங்க. நேரா வரும், நேராப் போயிரும். கோழிக்குத் தெரியுமுங்க, போறது எது, பாக்கறது எதுன்னு."

"பார்ப்பது என்றால்?"

"சுத்தறதுதானுங்க. பருந்து வேலையில்லாம சுத்தாது. கீழ என்னமோ வேணுமின்னாத்தான் சுத்தும்."

நான் காலையில் மகிழ்ந்ததைச் சொன்னேன். கும்பாபிஷேகத்துக் கருடன் போல இருந்தது என்று நினைத்ததைச் சொன்னேன். அவர் முதன்முறையாகச் சிரித்தார்.

"கோயல்ல கருடன் சுத்துனா நானுந்தான் கும்பிடுவேன். என்ற பட்டிக்கு மேல சுத்துனா, கன்னத்துல போட்டுக்கிட்டே கல்லெடுப்பனுங்க. போன மாசங்கூட அந்தச் சாமி ரெண்டு குஞ்சைத் தூக்கிட்டுப் போயிருச்சு."

ஜெனிட்டா வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கோ சிரிப்பும் திகைப்பும் ஒருங்கே வந்தன. வெண்கழுத்தும் செம்மண் நிற இறக்கையுமாக வரும் அப்புள்ளை அறுபது ஆண்டுகளாகக் கீழிருந்து கைகூப்பி வணங்கியிருக்கிறேன். அது கீழே எதைத் தேடிச் சுற்றுகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்று கேட்டறிந்ததனால் என் பக்தி குறைந்துவிடவில்லை. கோழிக்குஞ்சும் அவன் படைப்புத்தானே என்ற நினைவுதான் கூடியது.

எங்கள் தாளில் ஒரு தோட்டத்துக்கு மேல் நேராகக் கடந்தாலும், ஐந்து சுற்றுச் சுற்றினாலும், இரண்டுக்கும் ஒரே சாம்பல் நிறம், ஒரே ஓவர்ஃப்ளை. கேமரா ஓடவில்லையே, பிறகென்ன என்பது எங்கள் கணக்கு. கோழிக்குக் கேமராவைப் பற்றிக் கவலையில்லை. கடப்பதற்கும் சுற்றுவதற்கும் நடுவே அது கோடு கிழித்து வைத்திருந்தது. அளவைத் தொழிலில் இருந்த எங்களுக்கு அந்தக் கோடு தெரியவில்லை.

ஜெனிட்டா மடிக்கணினியைத் திறந்தாள். "வட்டத்தை எங்கயாவது காலியான எடத்துக்கு மாத்திடலாம் சார். அங்க உயரம் புடிச்சிட்டு இந்த ரூட்ல நேரா போயிடலாம். ஆனா எங்க?"

"காலியா இல்லையான்னு படத்தைப் பாத்தே சொல்லிப்போடுவீங்களா?" என்றார் ருக்குமணியம்மாள்.

அவர் சொன்னது என்னைச் சுட்டது. மாலை வரை நடந்தேன். பதினொரு தோட்டங்களுக்கும் போய், "உங்கள் மேலாக ஒரு விமானம் போகும். கீழே என்ன இருக்கிறது?" என்று கேட்டேன்.

"சும்மாப் போறதுக்கு ஏனுங்க சொல்லீட்டுத் திரியறீங்க? உங்களுக்கு வேற சோலி இல்லீங்களா?" என்றார் ஒருவர். ஒரு வீட்டில் பிரசவத்துக்கு வந்த மகள். குழந்தை காலை பத்து மணிக்குத்தான் தூங்குமாம். இன்னொரு தோட்டத்தில் தென்னையில் மலைத்தேன் கூடு. மற்றொன்றில் ஒரு பெரியவர், "எங்க மேல வேண்டாமுங்க, மாடு மெரளும்," என்றவர், மாடு எங்கே என்றதும், "வித்துப்போட்டேன். இருந்தாலும் சொல்லி வெப்பமேன்னுதான்," என்றார். ஒரேயொரு இடம் உண்மையில் வெறுமையாக இருந்தது. மைதானத்துக்கு வடக்கே காய்ந்த குளம். தண்ணீரும் இல்லை, ஆடும் இல்லை. கோபுரத்துக்கும் அதற்கும் போதிய தொலைவு இருந்தது. காலால் மிதித்துப் பார்த்துவிட்டு, வட்டத்தை அங்கே வைக்கச் சொன்னேன்.

6. ஒரே ஒரு முறை

செவ்வாய் காலை ருக்குமணியம்மாள் ஒரே ஒரு பறப்புக்கு ஒத்துக்கொண்டார். அதற்கு அவர் நான்கு நிபந்தனை விதித்தார். அடைக்கோழிகளைப் பஞ்சாரக் கூடைகளால் மூடிய பிறகே விமானம் எழ வேண்டும். நான் பட்டிக்குள் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அவர் 'வேண்டாம்' என்றால் அத்துடன் எல்லாம் நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமையைப் பற்றி யாரும் பேசக் கூடாது. நான்குக்கும் தலையாட்டினேன். மேய்கிற கோழிகளை மட்டும் வெளியிலேயே விடச் சொன்னார். "உள்ள அடைச்சு வெச்சுட்டுப் பாத்தா என்ன தெரியும்?" என்றார். அது அவருடைய துணிவு. என்னிடம் அவ்வளவு இல்லை.

ஜெனிட்டாவுக்குப் போனில் சொன்னேன். "வீசறேன் சார். குளத்து மேல ஏறுது. சுத்து ஒண்ணு... ரெண்டு... அஞ்சு. உயரம் புடிச்சிருச்சு. வருது, நேரா வருது."

அளவைத் தொழிலில் இத்தனை ஆண்டு இருந்தும், எங்கள் கருவி ஒன்று என் தலைக்கு மேல் வருவதைக் கீழே நின்று நான் பார்த்தது அதுவே முதல்முறை. வெள்ளைச் சிலுவை போல ஒரு சிறு உரு. சத்தம் ஏறக்குறைய இல்லை. காரணமின்றி என் தோள் குறுகிற்று. ருக்குமணியம்மாள் கண்களை மேலே வைக்கவில்லை. கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கை, வலைப்பட்டியின் கதவில் இருந்தது. கூட்டம் ஓடினால் மூலைக்குப் போகும் முன் கதவைச் சாத்துவதற்காக.

கிழட்டுப் பெட்டைக் கோழி ஒன்று கழுத்தைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்தது. தொண்டைக்குள் 'க்ர்ர்ர்' என்று நீளமாக ஓர் ஒலி. உடனே அத்தனை கோழிகளும் நின்றன. எல்லாத் தலைகளும் ஒருபக்கமாகச் சாய்ந்தன. நான் அவர் பக்கம் குனிந்தேன்.

"ஓடப் போகின்றனவா?"

"பேசாதீங்க."

நிழல் முற்றத்தில் விழுந்தது, வேலியைத் தாண்டியது, போயிற்று. கிழட்டுக் கோழி தலையை நிமிர்த்திக்கொண்டு குப்பையைக் கிளறத் தொடங்கியது. மற்றவையும் கிளறத் தொடங்கின.

ருக்குமணியம்மாள் கதவிலிருந்து கையை எடுத்தார். விரல்களில் கம்பித் தடம் பதிந்திருந்தது.

"அந்தச் சத்தம் 'பாத்துக்கோ'ங்கறதுங்க. 'ஓடு'ன்னா வேற சத்தம் போடும். நேத்துப் போட்டது அதுதான்."

பிறகு பஞ்சாரங்களைத் தூக்கி ஒவ்வொரு கோழியின் அடியிலும் கை விட்டுப் பார்த்தார். ஒன்பதாவதில் கையை எடுத்ததும், "சூடு இருக்குதுங்க," என்றார். சற்றுப் பொறுத்து, "போகச் சொல்லுங்கோ. நேரா மட்டும் போகச் சொல்லுங்கோ," என்றார்.

போனில் ஜெனிட்டாவிடம் சொன்னேன். "சார், அழுவறீங்களா?" என்றாள். "வேலையைப் பாரம்மா," என்றேன்.

வியாழன் மாலை வாய்க்கால் முழுவதும் அளந்து முடித்தோம். சென்னியப்பன் கேட்ட நாளுக்கு ஒரு நாள் முன்னதாக. படத்தை வாங்கிக்கொண்டு அவர், "என்னவோ கோழிக்கிட்டப் பர்மிஷன் வாங்கினீங்களாமே?" என்று நக்கலடித்தார். "ஆமாங்க, கிடைத்தது," என்றேன். சனிக்கிழமை ருக்குமணியம்மாள் போன் செய்து, அறுபத்தெட்டுக் குஞ்சு என்று மட்டும் சொன்னார். பதினேழைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. எண்ணிக்கை கூடியதால் அது தீர்ந்துவிட்டது என்று நான் கருதவில்லை.

7. தாளில் சேர்ந்த ஒரு பத்தி

அடுத்த திங்கட்கிழமை அலுவலகத்தில் எம்.டி. கேட்டார். "ஓவர்ஃப்ளை ஏரியாவுக்கெல்லாம் ஆளு போய்ச் சொல்லீட்டு இருந்தா வேலை ஆகுங்களா அய்யா? அங்க நமக்கு வேலையே இல்லையே?"

"நமக்குத்தான் அங்கே வேலை இல்லை தம்பி. அங்கே இருப்பவர்களுக்கு வேலை இருக்கிறது," என்றேன்.

அவர் பேனாவை என் பக்கம் உருட்டினார். "செரி, எப்படிச் செய்யோணும்? எழுதிக் குடுங்க," என்றார். பறப்புத் திட்டத் தாளில் சாம்பல் பகுதிக்கு எதிரே ஒரு புதிய பத்தி சேர்த்தோம். தலைப்பு: 'கீழே இருப்பவர்'. அதைப் படத்தைப் பார்த்து நிரப்பக் கூடாது, நேரில் போய்க் கேட்டவரே கையெழுத்திட வேண்டும் என்பது விதி. வட்டமிடும் இடத்துக்குத் தனி நிறம் கொடுத்தாள் ஜெனிட்டா. ஓவர்ஃப்ளை என்ற சொல்லை நாங்கள் விடவில்லை. இன்றும் அதே சொல்தான் வழங்குகிறது. இப்போது அதைச் சொல்பவர் அடுத்த மூச்சில் ஒரு பெயரையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இத்தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, உங்கள் கருவிகள் எங்கள் கருவிகளைவிடக் கூர்மையானவை. இருபது வயலை இருபது நிமிடத்தில் அளந்துவிடுவீர்கள். ஒரு வரப்பிலும் நின்று பதில் சொல்லும் கட்டாயம் உங்களுக்கு இல்லை. அதனால்தான் நீங்களாகப் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. 'இங்கே நமக்கு யாரும் இல்லை' என்று விரல் வைக்கும் முன் அந்த இடத்தை ஒருமுறை காலால் மிதித்துவிடுங்கள். நான் மிதிக்காமல் விரல் வைத்தேன். பதினேழு உயிர் போயிற்று.

இதைப் படித்தோரும், படிக்கக் கேட்டோரும், விண்ணில் ஏவுவோரும், மண்ணில் உழைப்போரும், அவர்தம் பட்டியில் வளரும் வாய் பேசா உயிர்களும் நோயின்றி, அச்சமின்றி, உண்டு உறங்கி நீடு வாழ்க! பெய்யும் மழை உரிய வாய்க்காலில் ஓடுக! எல்லார் தலைமேலும் அவன் அருள் நிழல் நிலைத்து நிற்க!